அன்ரன் பெயரில் ஒரு நாற்காலி

பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், எதிரில் இருப்பவர் கண்ணை மூடினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஆஸ்பத்திரித் தரை துடைத்தவரையும், எட்டு மணி நேரம் பஸ் ஓட்டியவரையும் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார வைத்து ஐபி முகவரி என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் பதிலாக வரும். சித்தப்பாவுக்கு ஈமெயில் அனுப்பச் சொல்லிக்கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தொலைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை வாரத்துக்கு இரண்டாக, எட்டு மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள். நான் பட்ட பாடு புரியும்.

யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம். பகலில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரைக்காரன், கல்யாணம் ஆகவில்லை, வேலை முடிந்து அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாலைப் பள்ளியில் நெட்வொர்க் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் தேடினார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பரீட்சை ஜெர்மனில், விளக்கம் தமிழில். வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லாரும் இலங்கைத் தமிழர்கள், பெரும்பாலும் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அவர்கள் என்னை "சேர்" என்றார்கள், நான் அவர்களை அண்ணன், அக்கா என்றேன். யார் யாருக்கு எழுந்து நிற்பது என்பதிலேயே முதல் வாரம் போய்விட்டது.

கண்ணை மூடிய ஓட்டுநர்

பாலா அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். வகுப்பில் அவர் தூங்குகிற அழகை உட்கார்ந்து பார்க்கலாம். முதுகு நேராக இருக்கும், இரண்டு கையும் மேசை மேல் ஸ்டியரிங் பிடித்த மாதிரி இருக்கும். யாராவது நாற்காலியை இழுத்தால் வலது கால் மட்டும் தரையை ஒரு அழுத்து அழுத்தும். கண் திறக்காது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாது. ஒரு நாள் கையிலிருந்த பேனாவை மேசையில் தட்டி, "பாலா அண்ணே, தூங்குறீங்களா?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "நித்திரை இல்லை, சேர். கண்ணைத் திறந்தா உங்களைத்தான் தெரியுது. மூடினாத்தான் நெட்வொர்க் தெரியுது."

துண்டு போட்ட இடம்

முதல் நாள் பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது "அன்ரன்" என்றேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "ஓம்" என்றது. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை, மேசையில் அவர்கள் கொப்பி என்கிற தடித்த நோட்டு ஒன்று, மூன்று நிறத்தில் பேனா. அன்ரன் உங்கள் பெயரா என்று கேட்டேன். அவர் என்ர மனுசன் என்றார்.

அவர் பெயர் பிலோமினா. மன்னார்ப் பக்கம். காலையில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. கணவர் அன்ரன் ஓர் உணவகத்தில் சமையல்காரர். பதினைந்து வருடமாக அடுப்படியில் நின்று நின்று முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இப்படியே நின்றால் பிறகு நிற்கவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கத்து ஊரான எஸ்லிங்கனில் கேபிள் கம்பெனி நடத்தும் தமிழர் ஒருவர், சான்றிதழோடு வந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அன்ரன் இந்த வகுப்பில் பெயர் கொடுத்தார். கொடுத்த மறு வாரமே முதலாளி அவரை மாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்.

மூன்று வகுப்புக்குத் தொடர்ந்து வராதவரின் இடம், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். இது பள்ளியின் விதி. அதனால் நாற்காலியைக் காலியாக விடாமல் மனைவி வந்து உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான், எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்ரன் பெயருக்கு நேரே வந்தார் என்று குறித்தேன். தப்புதான், தெரிந்தேதான் செய்தேன். பேனாவை மூடும்போது அவர் சொன்னார்: "நீங்கள் எனக்குப் படிப்பிக்க வேண்டாம், சேர். நீங்கள் சொல்லுறதை எழுதிக்கொண்டு போய் அவருக்குக் குடுக்கத்தான் நான் வந்தனான்."

அவர் கேட்பார்

மற்ற பதினொரு பேரும் எதையும் கேட்க மாட்டார்கள். நான் என்ன சொன்னாலும் தலை ஆடும். விளங்குதா என்றால் "ஓமோம்" என்று ஒரே குரலில் வரும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயதில் இருப்பவர்களுக்கு, பக்கத்து மேசைக்காரர் எதிரில் எனக்குத் தெரியவில்லை என்று சொல்வது லேசான காரியமா? கேட்காமலேயே தெரியாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றிய இடங்கள் உண்டு.

பிலோமினா அக்காவுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. தெரியாதவர் அவர் இல்லையே, கணவர்தானே. கையைத் தூக்கி, "சேர், இஞ்ச இருந்து அனுப்பினது அங்க போய்ச் சேர்ந்தது எண்டு என்னெண்டு தெரியும் எண்டு அவர் கேப்பார்" என்பார். நான் பதில் சொல்வேன். பச்சைப் பேனாவால் எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்து, "போய்ச் சேரேல்லை எண்டால் என்ன செய்யும் எண்டு அவர் கேப்பார்" என்பார். அந்த அன்ரன் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கண்ணால் பார்க்காத அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "அக்கா, பாடத்தை இப்பத்தான் நடத்துறேன். அவர் இன்னும் கேக்கவே இல்லையே. அவருக்குச் சந்தேகம் எப்ப வந்துச்சு?" என்றேன். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "பதினெட்டு வருசம் அவரோட இருக்கிறன், சேர். அவருக்கு எது விளங்காது எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார்.

வாசலில் நிற்கிற மாமா

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். திருத்த உட்கார்ந்தவனுக்குத் தலை சுற்றியது. பதினொரு பேரும் ஒரு கல்யாண மண்டபத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். மேசைக்கு ஒரு எண், கதிரைக்கு, அதாவது நாற்காலிக்கு, ஒரு எண். ஒரே மேசையில் இருப்பவரிடம் உப்பை நேராகக் கேட்டு வாங்கலாம். அடுத்த மேசைக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாசலில் நிற்கிற மாமாவிடம் சொல்ல வேண்டும், அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மாமாதான் ரௌட்டர்.

ஒரு எழுத்துத் தவறில்லாத விளக்கம். ஆனால் அந்த மாமாவை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. காப்பி அடித்தார்களோ என்று பாலா அண்ணனை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். கூரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார். அன்ரன் வேலைக்குப் போகுமுன் பகல் பதினொரு மணிக்கு மேசையில் உட்கார வைத்து அக்கா அவருக்குப் பாடம் சொல்கிறார். அவருக்குச் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராக அக்காவுக்குப் போன் போடுகிறார்கள். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் போனில் கேட்கிறார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து பாலா அண்ணன் என் தோளில் கை வைத்தார். "நீங்கள் நல்லாத்தான் படிப்பிக்கிறியள், சேர். ஆனா விளங்கிறது அவ சொன்ன பிறகுதான்."

இரண்டு கேபிள்

கேபிள் முனையில் இருக்கும் எட்டுக் கம்பிகளை நிறவரிசையில் அடுக்கி, பிளாஸ்டிக் முனைக்குள் செருகி, கருவியால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சோதிக்கிற பெட்டியில் மாட்டினால் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். பிலோமினா அக்கா ஒரு கருவியையும் ஒரு பை நிறைய முனைகளையும் இரவல் வாங்கிப் போனார். வீட்டில் அவர் செய்து பார்த்தார், அன்ரன் உணவகத்தில் இடைவேளையில் செய்து பார்த்தார்.

அடுத்த வகுப்புக்கு ஒரு டப்பா வந்தது. மேலே மீன் ரோல்ஸ், கீழே இரண்டு கேபிள். ஒன்றை மாட்டினேன், எட்டும் எரிந்தன. இன்னொன்றில் மூன்றாவது விளக்கு எரியவே இல்லை. அதைக் கையில் எடுத்தபோது வதக்கின வெங்காய வாசனை மூக்கில் ஏறியது. பெரிய சட்டியில் வதக்கின வெங்காயம், வீட்டுச் சமையல் வாசனை இல்லை. இதில் எது யாருடையது என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எரிஞ்சது அவற்ற, சேர். எரியாதது என்ர."

எனக்கு வந்த கோபம்

மார்ச்சில் மாதிரிப் பரீட்சை வைத்தேன். பிலோமினா அக்கா நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அடுத்தவர் எழுபத்து நான்கு. நான் விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். ஒரு நாற்காலிக்கு ஒரு பரீட்சை இடம், அது நாற்காலிக்காரர் பெயரில். பெயரை மாற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது. பரீட்சையை நீங்களே எழுதுங்கள் அக்கா என்றேன். அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

நான் குரலை உயர்த்திவிட்டேன். இவ்வளவு படிப்பும் வீணாகப் போக வேண்டுமா, உங்கள் அறிவுக்கு நீங்களே துரோகம் செய்கிறீர்களா என்று வசனமெல்லாம் பேசினேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. அவர் கொப்பியை மூடி, மூன்று பேனாவையும் பையில் போட்டு, ஜிப்பை இழுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குப் பரீட்சை பெரிசு, சேர். எனக்கு அவர் அந்தக் குசினியில இருந்து வெளிய வாறதுதான் பெரிசு. வேலை தாறன் எண்டு சொன்னவர் அவருக்குத்தானே சொன்னவர், எனக்கில்லையே."

நாற்காலிக்காரர் வந்தார்

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றாம் வரிசையில் ஓர் உயரமான மனிதர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதைவிட, நாற்காலியின் விளிம்பில் முதுகைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று சொல்லலாம். அன்றைக்கு அவருக்கு விடுப்பு. "அன்ரன்" என்று வாசித்தபோது, ஆறு மாதத்தில் முதன்முறையாக ஓர் ஆண் குரல் "ஓம்" என்றது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அன்றைய பாடம் டிஃபால்ட் கேட்வே. நான் அம்புக்குறி போட்டு, வட்டம் போட்டு, வியர்வை வழிய விளக்கினேன். அவர் கையைத் தூக்கினார். "சேர், இது வாசல்ல நிக்கிற மாமாவோ?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் முதலிலேயே மாமா என்று சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். வகுப்பு முடிந்ததும் அதே மாதிரிப் பரீட்சையைத் தனக்கும் தரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை எழுந்து நின்று, நின்றபடியே எழுதினார்.

முப்பத்தெட்டு வந்தது. எண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தேன், தெரியவில்லை. பிலோமினாவின் விடைத்தாளைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, சரி என்று நான் சிவப்பில் போட்ட குறிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வீட்டில் எனக்கு இதைக் காட்டவில்லையே என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். "எனக்கு முப்பத்தெட்டு வந்ததும் அவ சொல்லித் தந்ததாலதான், சேர். இல்லாட்டி அதுவும் வந்திருக்காது."

காரணம் என்ற கட்டம்

பள்ளி அலுவலகத்தில் ஃப்ராவ் கெல்லர் என்ற அம்மையார் இருந்தார். விதி என்றால் விதி. ஒரு கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனால் படிவத்தைத் திருப்பித் தந்துவிடுவார். இத்தனை மாதம் அன்ரன் பெயரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்த விஷயம் அவருக்குத் தெரிந்தால் என் கதி அதோகதிதான். ஆகவே அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியபோது, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

மேசை மேல் பெயர் மாற்றும் விண்ணப்பம் ஒன்று இருந்தது. அன்ரன் நேரில் வந்து கொடுத்திருக்கிறார். பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, எல்லாம் குழந்தை எழுதின மாதிரி பெரிய பெரிய எழுத்தில். காரணம் என்ற கட்டத்தில் ஆறு வரி எழுத இடமிருந்தது. அவர் ஜெர்மனில் நான்கே சொல் எழுதியிருந்தார்: படித்தது என் மனைவிதான்.

ஃப்ராவ் கெல்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. என்னைத் திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தும் அவர் ஜெர்மனில் சொன்னது இதுதான்: "நோய் என்றால் எண் ஒன்று, இடமாற்றம் என்றால் எண் இரண்டு. இந்தக் காரணத்துக்கு என்னிடம் எண் கிடையாது. ஆனாலும் முத்திரை குத்திவிட்டேன்."

நாளைக்கு மட்டும்

தன்னைக் கேட்காமல் பெயரை மாற்றியதற்காக பிலோமினா அக்கா இரண்டு நாள் கணவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், முத்திரை விழுந்த படிவத்தைக் கிழித்தால் இடமே போய்விடும் என்பது உறைத்து, மறுபடி கொப்பியை எடுத்திருக்கிறார். இப்போது பகல் பதினொரு மணிக்கு அன்ரன் கேள்வி கேட்டார், அக்கா பதில் சொன்னார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாராம்.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு அந்தப் பக்கம் வேலை இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டு நானும் போனேன். அன்ரன் பரீட்சை மையத்து வாசலில் சுவரில் சாய்ந்து நின்றார். பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்றார். இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசிய பேச்சு மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். கதவு திறந்து அக்கா வந்தார். கையில் அச்சடித்த ஒரு தாள். என்னைத் தாண்டிப் போய் அவரிடம் கொடுத்தார். கண்ணாடி கொண்டுவராததால் அவர் தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். எண்பத்தேழு. தேர்ச்சி.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அக்காவோ அவர் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, இனி நீங்கள் அந்தக் குசினிக்குப் போக வேண்டாம் என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எஸ்லிங்கன்காரர் இவருக்கு வேலை தருவாரா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அன்ரனும் அதைச் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "நாளைக்குச் சனிக்கிழமை. ஆக்கள் கனக்க வருவினம். நாளைக்கு மட்டும் போயிட்டு வாறன்."

ஆகஸ்டில் ஒரு சந்திப்பு

அந்த நாளைக்கு மட்டும் என்பது ஆகஸ்டு வரை இழுத்தது. எஸ்லிங்கன்காரர் ஆண் ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன் என்று முதலில் இழுத்தார். நான் போனில் கொஞ்சம் சத்தம் போட்டேன், என் குணம் உங்களுக்குத்தான் தெரிந்துவிட்டதே. சரி, ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். இரண்டாம் வாரமே அக்காவிடம் கம்பெனி வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார். அக்காவின் நிரந்தர வேலைக் கடிதம் வந்த மறுநாள் அன்ரன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஓர் இடத்தில் போனில் ஆர்டர் எடுக்கிற வேலை அவருக்குக் கிடைத்தது.

அந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் போனேன். காதில் ஹெட்செட், எதிரில் கணினி, முதுகுக்குப் பின்னால் பிலோமினா அக்கா தைத்துக் கொடுத்த தலையணை. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். முதுகு எப்படி அண்ணே என்று கேட்டேன். ஒரு நிமிடம் உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குத்துறது குத்துதுதான், சேர். ஆனா முந்தி நிக்கேக்க குத்தினது, இப்ப கதிரையில இருந்துகொண்டு குத்துது."

மாலை வகுப்பு எடுத்து அல்லல்படுகிற சக ஜீவன்களே, உங்கள் வகுப்பில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டதென்றால் அதைப் பெருமையாக வெளியே சொல்வதற்கு முன், பகல் பதினொரு மணிக்கு அவர்கள் யாருக்குப் போன் போடுகிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.